குப்பிக்குள் மினுக்கம்: பாலிசார்பேட் கெட்டால் எங்கே தேடுவது

குப்பியை மெல்லச் சுழற்றி, வெள்ளைப் பின்னணிக்கு முன் ஐந்து விநாடி, கறுப்புப் பின்னணிக்கு முன் ஐந்து விநாடி பார்க்க வேண்டும். வெளிச்சம் 2000 முதல் 3750 லக்ஸ் வரை. ஐரோப்பிய மருந்துத் தரநூல் சொல்லும் முறை இது. 18 மாதம் குளிர் அறையில் இருந்த ஒரு குப்பியை அப்படிச் சுழற்றியபோது, சுழற்சி அடங்கிய பிறகும் திரவத்துக்குள் சன்னமான மினுக்கம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெயிலில் தூசி தெரியுமே, அதுபோல. அன்று மாலைக்குள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான்கு குற்றவாளிகளின் பெயர்கள் அடிபட்டன: வடிகட்டி, கண்ணாடி, ரப்பர் மூடி, புரதத் திரட்சி. நான்கும் இல்லை. அது கொழுப்பு அமிலம். மருந்தில் சேர்த்திருந்த பாலிசார்பேட் உடைந்து வந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. தேட வேண்டிய இடம் தெரிந்திருந்தால் ஒரு வாரம் போதும். அந்த ஆறு வாரத்தை மற்றவர்களுக்கு மிச்சப்படுத்தவே இந்தக் குறிப்பு.

பிஎச்-ஐ (அமில-கார அளவை) மாறாமல் பிடித்துவைக்கும் தாங்கல் கரைசலில் உள்ள ஊசி மருந்துகள், அதிலும் மோனோகுளோனல் ஆன்டிபாடி போன்ற புரத மருந்துகள்தான் இங்கே பேச்சு. அவற்றில் மிகப் பலவற்றில் பாலிசார்பேட் 20 அல்லது 80, 0.01 முதல் 0.1 சதவீதம் வரை இருக்கிறது. காற்றுக் குமிழி, கண்ணாடிச் சுவர், பனிக்கட்டி முகப்பு ஆகியவற்றில் புரதம் ஒட்டி உருக்குலைவதற்குள், அந்த இடங்களை முந்திப்போய்ப் பிடித்துக்கொள்வது இந்த சர்ஃபாக்டன்டின் (சோப்புபோல முகப்புகளில் சேரும் பொருளின்) வேலை.

பெயர் ஒன்றானாலும் பாலிசார்பேட் ஒரே சேர்மம் அல்ல, பெரிய கலவை. நடுவில் சார்பிட்டான், அதிலிருந்து நீளும் சுமார் 20 எத்திலீன் ஆக்சைடு அலகுகள், அவற்றின் நுனியில் எஸ்டர் பிணைப்பால் கோத்த கொழுப்பு அமிலம். பாலிசார்பேட் 20-இல் லாரிக் அமிலம் 40 முதல் 60, மிரிஸ்டிக் 14 முதல் 25, பால்மிட்டிக் 7 முதல் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது ஐரோப்பியத் தரநூல். பாலிசார்பேட் 80-இல் ஓலியிக் அமிலம் குறைந்தது 58 சதவீதம் இருந்தால் போதும். இந்தக் கலவை இரண்டு விதமாகக் கெடும். தண்ணீரால் எஸ்டர் உடைந்தால் நீராற்பகுத்தல். எத்திலீன் ஆக்சைடு சங்கிலியையோ ஓலியிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பையோ ஆக்சிஜன் தாக்கினால் ஆக்சிஜனேற்றம். இரண்டில் எது நடந்தது என்று தெரியாமல் மருந்துக் கலவையைத் திருத்தப் போவது, நாடி பார்க்காமல் கஷாயம் கொடுப்பதுபோல.

எதற்கும் முன் நான்கு குப்பிகள்

அறிகுறி எதுவானாலும் முதலில் நான்கு குப்பிகளை வெளியே எடுங்கள். புரதம் உள்ள மருந்து 5 டிகிரியில் இருந்தது ஒன்று, 40 டிகிரியில் இருந்தது ஒன்று. புரதம் இல்லாத, மற்றதெல்லாம் அதே அளவில் உள்ள பிளாசிபோ அதே இரண்டு வெப்பநிலையில். பிளாசிபோவை நிலைப்புத்தன்மை ஆய்வில் சேர்க்காமல் விடுவது சிக்கனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துகள் வந்த அன்று அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

5 டிகிரியில் மருந்தில் மட்டும் பாலிசார்பேட் குறைந்து பிளாசிபோவில் குறையாமல் இருந்தால், புரதத்தோடு வந்த ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. அது பெரும்பாலும் நொதி. இரண்டிலும் குறைந்தால், அல்லது பிளாசிபோவில்தான் அதிகம் குறைந்தால், ஆக்சிஜனேற்றத்தைப் பாருங்கள். பிளாசிபோ மருந்தைவிட மோசமாக இருப்பது பலரைக் குழப்பும். குழம்ப வேண்டாம்: புரதத்தின் மெத்தியோனின், டிரிப்டோஃபேன் போன்ற அமினோ அமிலங்கள் ஆக்சிஜனேற்றிகளைத் தாம் வாங்கிக்கொண்டு பாலிசார்பேட்டைக் காப்பாற்றுவதுண்டு. பிளாசிபோவில் அந்தக் காவல் இல்லை.

40 டிகிரி முடிவை மட்டும் வைத்து ஆறுதல் அடையக் கூடாது. சூட்டில் ஆக்சிஜனேற்றம் வேகம் பிடிக்கும். நொதியோ சூட்டில் தன் வடிவத்தை இழந்து சும்மா இருந்துவிடக்கூடும். போதாததற்குக் கொழுப்பு அமிலம் சூட்டில் நன்றாகக் கரைந்து, துகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஆறு மாதம் 40 டிகிரியில் கண்ணாடிபோல் இருந்த மருந்து 5 டிகிரியில் மினுக்கத் தொடங்குவதில் முரண் எதுவும் இல்லை. இன்னொன்று: ஹிஸ்டிடின் தாங்கலின் பிஎச், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.02 இறங்கும். 25 டிகிரியில் 6.0 என்று அளந்து வைத்தது 40 டிகிரியில் 5.7-ஐ ஒட்டியும், குளிர் அறையில் 6.4-ஐ ஒட்டியும் இருக்கிறது. டிரிஸ் தாங்கல் இதைவிட அதிகமாக நகரும். பாஸ்பேட், அசிடேட் அதிகம் அசையாது. இரண்டு வெப்பநிலையில் இரண்டு வேறு மருந்துகளைச் சோதிக்கிறோம் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

அறிகுறி: குளிரில் பல மாதம் கழித்து மினுக்கும் துகள், புரத அளவீடுகள் எல்லாம் சரி

முதலில் கையில் செய்யும் சோதனை. ஒரு குப்பியை 25 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். நடுநடுவே மெல்லச் சுழற்றுங்கள், குலுக்க வேண்டாம். துகள் மறைந்தால் அது புரதத் திரட்சி அல்ல, கண்ணாடிச் சில்லும் அல்ல. எங்கள் குப்பி இரண்டு மணி நேரத்தில் தெளிந்தது. திரும்பக் குளிர் அறையில் வைத்தோம். மூன்றாம் வாரம் மீண்டும் மினுக்கியது. மறையாவிட்டால் கொழுப்பு அமிலம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலோகத்தோடு சேர்ந்து சோப்பு உப்பாகிவிட்ட கொழுப்பு அமிலம் சுலபத்தில் கரையாது.

அடுத்து, துகளை வடிகட்டிப் பிடித்து எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) நுண்ணோக்கியில் பாருங்கள். வடிகட்டும் இடமும் குளிராக இருக்கட்டும். சாதாரண அறையில் வடிகட்டினால் தேடும் பொருள் கரைந்து கீழே ஓடிவிடும். நாங்கள் முதல் இரண்டு வாரத்தை இழந்தது இப்படித்தான். வடிகட்டித் தாளில் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்துகொண்டே இருந்தது. வடிகட்டிய அறையின் வெப்பநிலையை யாரும் கேட்கவில்லை. நிறமாலையில் (அலை எண், செ.மீ.⁻¹) 1700-ஐ ஒட்டிக் கூரான ஒரு முகடும், 2850, 2920-இல் இரட்டை முகடும் இருந்து, 1650-இல் புரதத்துக்கு உரிய அமைடு முகடு இல்லாவிட்டால் அது கொழுப்பு அமிலம். 1700 மங்கி 1540-க்கும் 1580-க்கும் இடையே முகடு எழுந்தால் உலோக சோப்பு.

எவ்வளவு எஸ்டர் உடைந்தால் துகள் வரும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாலிசார்பேட் 20, 0.02 சதவீதம் என்றால் மில்லி லிட்டருக்கு 200 மைக்ரோகிராம். அதில் 40 சதவீதம் உடைந்ததாகக் கொள்வோம்: 80 மைக்ரோகிராம். மூலக்கூறு எடை 1228 என்று வைத்தால் அது சுமார் 65 நானோமோல். இதில் பாதி லாரிக் என்றால் 6.5 மைக்ரோகிராம் லாரிக் அமிலம். ஐந்தில் ஒரு பங்கு மிரிஸ்டிக் என்றால் 3 மைக்ரோகிராம். பத்தில் ஒரு பங்கு பால்மிட்டிக் என்றால் 1.7 மைக்ரோகிராம். பிஎச் 6-இல், 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில், இதே 0.02 சதவீத பாலிசார்பேட் 20 உள்ள கரைசலில், மில்லி லிட்டருக்கு லாரிக் சுமார் 17, மிரிஸ்டிக் 3, பால்மிட்டிக் 1.5 மைக்ரோகிராம் வரைதான் கரையும் என்பது வெளியான அளவீடு. அளவில் பெரிய பங்கு லாரிக். அது இன்னும் எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. அளவில் சிறிய மிரிஸ்டிக்கும் பால்மிட்டிக்கும்தான் முதலில் வெளியே வருகின்றன. மொத்தக் கொழுப்பு அமிலத்தை மட்டும் அளந்து “இன்னும் இடம் இருக்கிறது” என்று சொல்லும் அறிக்கையை நம்பாதீர்கள். அமிலம் வாரியாகக் கேளுங்கள். நொதி எல்லா எஸ்டரையும் ஒரே வேகத்தில் உடைப்பதில்லை, ஆகவே இது தோராயக் கணக்குதான். ஆனாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிவிடும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. “அமிலம் வெளிவந்திருந்தால் பிஎச் இறங்கியிருக்குமே, இறங்கவில்லையே” என்று கூட்டத்தில் ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். வெளிவந்த அமிலம் மில்லி லிட்டருக்கு 65 நானோமோல், அதாவது 0.065 மில்லிமோலார். தாங்கலோ 20 மில்லிமோலார் ஹிஸ்டிடின், அதுவும் தன் வலிமையின் உச்சமான பிஎச் 6-இல். பிஎச் மாற்றம் 0.006 அளவுக்கு வரும். உங்கள் பிஎச் மீட்டர் அதைப் பார்க்கவே பார்க்காது. தாங்கல் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் தடயம் மறைந்தது.

வேதி நீராற்பகுத்தலாக இருக்குமா என்றால், பிஎச் 5.5 முதல் 6.5 வரை, 5 டிகிரியில், வாய்ப்பு மிகக் குறைவு. பாலிசார்பேட் 80-இன் நீராற்பகுப்பு வேகத்தை 1973-இலேயே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். அமிலமும் காரமும் அதைத் தூண்டும். நடுவில் உள்ள பிஎச்-இல், குளிரில், பல ஆண்டுகள் தாங்கும். பிஎச் 8 டிரிஸ் தாங்கலில், சூட்டில் வைத்த மாதிரியானால் வேதிவினையைச் சந்தேகியுங்கள். குளிர் அறை ஹிஸ்டிடினில் எஸ்டர் உடைந்தால் நொதியைச் சந்தேகியுங்கள்.

நொதி எங்கிருந்து வரும்? ஆன்டிபாடியைத் தயாரிக்கும் சைனீஸ் ஹாம்ஸ்டர் செல்களிலிருந்து. லைப்போபுரோட்டீன் லைப்பேஸ், லைசோசோமல் பாஸ்போலைப்பேஸ் ஏ2 போன்றவை சுத்திகரிப்பைத் தாண்டி ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இவற்றில் பின்னது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே பாலிசார்பேட்டை உடைக்கும் என்று 2016-இல் காட்டினார்கள். மொத்த ஓம்புசெல் புரதத்தை (மருந்தைத் தயாரித்த செல்லின் சொந்தப் புரதத்தை) அளக்கும் எலிசா சோதனை தேர்ச்சி என்று சொன்னாலும் குப்பிக்குள் இது நடக்கலாம். எலிசா கூட்டத்தை எண்ணுகிறது; கத்தி வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்தால் போதும். பாஸ்போலைப்பேஸ் பி போன்ற இன்னொரு புரதத்தின் மேல் இந்தத் துறை பல ஆண்டு பழி சுமத்தியது. பிறகு அதை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய செல்களிலிருந்து எடுத்த ஆன்டிபாடியிலும் பாலிசார்பேட் அதே வேகத்தில் உடைந்தது. 2020-இல் அதற்கு விடுதலை. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (நிறையை அளந்து புரதத்தை அடையாளம் காட்டும் முறையில்) அதிகமாகத் தெரிகிற புரதம்தான் குற்றவாளி என்று அவசரப்படக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

நொதிதானா என்று உறுதிசெய்ய ஆர்லிஸ்டாட் உதவும். உடல் எடை குறைக்கும் மாத்திரையில் உள்ள அதே பொருள். பல லைப்பேஸ்களை (கொழுப்பு எஸ்டரை உடைக்கும் நொதிகளை) கட்டிப்போடும். மருந்தை இரண்டாகப் பிரித்து ஒன்றில் அதைக் கலந்து, 25 டிகிரியில் சில வாரம் வையுங்கள். கலந்ததில் பாலிசார்பேட் நின்று, கலக்காததில் குறைந்தால் வழக்கு பெரும்பாலும் முடிந்தது. எல்லா எஸ்டர் நொதிக்கும் அது கட்டுப்படாது. ஆகவே மாற்றம் இல்லை என்பதை மட்டும் வைத்து நொதியை விடுவிக்க வேண்டாம்.

தீர்வு மருந்துக் கலவையில் கொஞ்சம், சுத்திகரிப்பில் அதிகம். ஆன்டிபாடியைப் பிடித்துப் பிரிக்கும் புரோட்டீன் ஏ நிரலின் கழுவல் கட்டத்தை மாற்றுவது, நீர்வெறுப்புக் குரோமட்டோகிராபி ஒன்றைக் கூட்டுவது, கடைசியில் அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவையே நீக்கிய செல்வரிசைக்குப் போவது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பாலிசார்பேட்டை இரட்டிப்பாக்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. மைசெல் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் சேர்ந்த நுண்ணுருண்டை) கூடுவதால் கொழுப்பு அமிலம் கொஞ்சம் அதிகம் கரையும். நொதிக்கோ தீனியும் கூடும். காலம் வாங்கலாம், நோய் போகாது. பிஎச்-ஐ ஏற்றினால் கொழுப்பு அமிலம் அயனியாகி நன்றாகக் கரையும். அசிடேட் தாங்கலில் பிஎச் 5 என்பது இரண்டு பக்கமும் அடி: அமிலம் குறைவாகக் கரையும், லைசோசோம் நொதிகளுக்கோ அமிலச் சூழல்தான் வீடு. ஆனால் பிஎச்-ஐத் தீர்மானிப்பது பெரும்பாலும் புரதம். சர்ஃபாக்டன்டுக்காக அது விட்டுக்கொடுக்காது.

கண்ணாடியை முழுதாக விடுவித்துவிடவும் வேண்டாம். கொழுப்பு அமிலம் கரையும் எல்லையை ஒட்டி நிற்கும்போது, கண்ணாடியிலிருந்து கசியும் அலுமினியம் போன்ற உலோக அயனிகள் துகளுக்கு வித்தாகின்றன. ஒரே தொகுதியில் சில குப்பிகள் மினுக்கி, சில தெளிவாக இருந்தால் இதை நினையுங்கள். அதே மருந்தை சைக்ளோ ஓலிஃபின் பிளாஸ்டிக் குப்பியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: துகள் இல்லை, பாலிசார்பேட் மட்டும் குறைகிறது, மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் கூடுகிறது

பிளாசிபோவும் சேர்ந்து குறைகிறதா? அப்படியானால் ஆக்சிஜனேற்றம். பாலிசார்பேட் 80 என்றால் சந்தேகமே வேண்டாம். ஓலியிக்கின் இரட்டைப் பிணைப்பு அதற்குத் திறந்த கதவு. இங்கே உண்டாகும் பெராக்சைடு புரதத்தின் மெத்தியோனினைத் தாக்கும். கூடவே ஆல்டிஹைடுகளும் ஃபார்மிக் அமிலமும் வரும். அவை கரைந்துவிடுவதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

முதல் கேள்வி கலவையைப் பற்றியது அல்ல, பாலிசார்பேட் பாட்டிலைப் பற்றியது. எப்போது திறந்தீர்கள்? மூடும்போது நைட்ரஜன் ஊதினீர்களா? பெராக்சைடு மதிப்பு 10-க்குள் என்று ஐரோப்பியத் தரநூல் கேட்கிறது. சான்றிதழில் உள்ள எண் பாட்டில் மூடியிருந்த நாளுக்கு உரியது. அதைவிடப் பெரிய தவறு, 10 சதவீதத் தாய்க்கரைசலைச் செய்து அலமாரியில் வைத்து இரண்டு வாரம் பயன்படுத்துவது. தண்ணீரில் கரைத்து வெளிச்சத்தில் வைத்த பாலிசார்பேட்டில் பெராக்சைடு வேகமாக வளரும். தாய்க்கரைசலை அன்றன்று செய்யுங்கள். இதைச் சொன்னால் நேரமில்லை என்பார்கள். விலகல் அறிக்கை எழுத மட்டும் நேரம் இருக்கும்.

இரண்டாவது கேள்வி இரும்பு. எஃகுத் தொட்டியில் குளோரைடு உள்ள அமிலத் தாங்கலை நாள்கணக்கில் தேக்கி வைத்தால் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஹிஸ்டிடின் இரும்பைத் தளர்வாகத்தான் பிடிக்கும். சிட்ரேட் இறுக்கமாகப் பிடிக்கும். உலோகங்களை நுணுக்கமாக அளக்கும் ஐசிபி மாஸ் கருவியில் இரும்பையும் செம்பையும் அளந்துவிட்டு, ஒரே பிளாசிபோவை மூன்றாகச் செய்யுங்கள்: ஹிஸ்டிடினில் ஒன்று, ஹிஸ்டிடினோடு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் டிடிபிஏ சேர்த்து ஒன்று, சிட்ரேட்டில் ஒன்று. மூன்றையும் 40 டிகிரியில் நான்கு வாரம் வைத்தால் உலோகத்துக்குப் பங்கு உண்டா என்பது வரைபடத்திலேயே தெரியும். அதே வகையான இடிடிஏ எல்லோர் அலமாரியிலும் இருக்கிறது என்பதற்காக அதை எடுக்க வேண்டாம். இரும்பு–இடிடிஏ பிணைவுச் சேர்மம் பெராக்சைடோடு தொடர்ந்து வினைபுரியக்கூடியது. அந்த வினையை டிடிபிஏ நன்றாக அடக்கும்.

சிட்ரேட் வென்றுவிட்டது என்பதற்காக உடனே மாறிவிடவும் முடியாது. தோலடி ஊசியில் சிட்ரேட் எரிச்சல் தரும். அடாலிமுமாப் மருந்து சிட்ரேட் இல்லாத வடிவத்துக்குப் போனது நோயாளிகளின் வலியைக் குறைத்தது. சிட்ரேட் பிடித்த இரும்பு வெளிச்சத்தில் வேறு முகம் காட்டும்; தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கும். ஹிஸ்டிடினிலேயே இருந்து, மெத்தியோனின் சேர்த்து, தொட்டித் தேக்கத்தைக் குறைத்து, குப்பியின் தலைவெளியில் நைட்ரஜன் நிரப்புவது பல இடங்களில் போதுமானதாக இருக்கும்.

அறிகுறி: இரண்டு சோதனைகள் இரண்டு கதை சொல்கின்றன

கோபால்ட் தயோசயனேட் நிறச் சோதனை 98 சதவீதம் என்கிறது. எச்பிஎல்சி (திரவக் குரோமட்டோகிராபி) 60 என்கிறது. இரண்டும் பொய்யல்ல. கோபால்ட் பிடிப்பது எத்திலீன் ஆக்சைடு சங்கிலியை. எஸ்டர் உடைந்து கொழுப்பு அமிலம் போனாலும் சங்கிலி அங்கேயே இருப்பதால், நீராற்பகுத்தலை அது முழுதாகக் காட்டாது. மைசெலுக்குள் புகுந்து ஒளிரும் சாயத்தை அளக்கும் ஒளிர்வுச் சோதனை, எவ்வளவு மைசெல் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதன் பதில் எந்த எஸ்டர் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். சிஏடி (மின்னேற்றத் துகள்) உணரியோடு கூடிய எச்பிஎல்சி-யில் எஸ்டர்கள் எல்லாம் ஒரே முகடாக வரும்படி செய்தால் அளவு கிடைக்கும். படிப்படியாகப் பிரித்தால் எந்த எஸ்டர் போனது என்பது கிடைக்கும். தினசரிக்கு முதல் வகை, துப்பறிய இரண்டாவது வகை. மோனோ எஸ்டர்கள் முதலில் குறைந்து உயர் எஸ்டர்கள் அப்படியே நின்றால், வேதிவினையைவிட நொதியின் கை என்று எண்ண இடமுண்டு.

அறிகுறி: முதல் நாளே குறைவு

இது கெடுதல் அல்ல, கணக்கில் வராத இழப்பு. நேரத்தோடு மேலும் இறங்கவில்லை என்றால் வேதியியலை விட்டுவிட்டு உற்பத்திக் கூடத்துக்குப் போங்கள். 0.22 மைக்ரான் வடிகட்டியும் சிலிகான் குழாயும் பாலிசார்பேட்டை ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் முதலில் நிரம்பிய குப்பிகளில் குறைவாகவும் பின்னால் வந்தவற்றில் சரியாகவும் இருக்கும். நிரப்பிய வரிசைப்படி பத்துக் குப்பிகளை எடுத்து அளந்தால் ஏறுமுகம் தெரிந்துவிடும். முதல் வடிநீரைக் கொட்டிவிடும் அளவைக் கூட்டுங்கள்.

அளந்து ஊற்றுவதிலும் தவறு நடக்கும். பாலிசார்பேட் தேன்போலக் கெட்டி. பிப்பெட்டில் உறிஞ்சினால் பாதி சுவரில் நிற்கும். தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை எங்கள் தொகுதி ஒன்று 15 சதவீதம் குறைவாக வந்ததற்குக் காரணம், தாய்க்கரைசல் பீக்கரின் அடியில் கரையாமல் படிந்திருந்த ஒரு தடித்த படலம். கீழிருந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மென்படலம் கொண்டு செறிவூட்டும் கட்டத்துக்கு முன்பே பாலிசார்பேட்டைச் சேர்த்திருந்தால் சிக்கல் தலைகீழாக வரும்: மைசெல் பெரிதாக இருப்பதால் 30 கிலோடால்டன் படலத்தைத் தாண்டாமல் உள்ளேயே சேர்ந்து, எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும். சேர்க்கும் இடம் அந்தக் கட்டத்துக்குப் பின்புதான்.

அறிகுறி: உறைந்து உருகிய பின் கலங்கல்

சோடியம் பாஸ்பேட் தாங்கலா? அப்படியானால் சர்ஃபாக்டன்டைக் கேள்வி கேட்பதற்கு முன் தாங்கலைக் கேளுங்கள். உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகிப் போய்விடும். மீதித் திரவத்தின் பிஎச் 7-இலிருந்து 5-க்கும் கீழே சரியக்கூடும். அந்தச் சில மணி நேரத்தில் பாலிசார்பேட்டுக்கு எதுவும் ஆகாது. அடி வாங்குவது புரதம். பாலிசார்பேட்டைக் கூட்டிப் பயனில்லை. ஹிஸ்டிடினுக்கு மாறுங்கள்.

அறிகுறி: மாத்திரை கரையும் சோதனை ஊடகத்தில் வெள்ளைப் படிகம்

இது புரத மருந்தல்ல, மாத்திரைச் சோதனைக் கூடத்துப் பிரச்சினை. ஆனால் தாங்கலும் சர்ஃபாக்டன்டும் சண்டை போடுவதற்கு இதைவிட எளிய காட்சி இல்லை. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில் பிஎச் 6.8 தாங்கல் செய்து, அதில் சோடியம் லாரில் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்டைக் கொட்டினால் பால்போல் வெளுக்கும். பொட்டாசியம் உப்பாக மாறிய லாரில் சல்பேட் அறை வெப்பநிலையில் கரையாது. 37 டிகிரி தொட்டியில் தெளிந்துவிட்டதுபோல் தெரியும். மாதிரி எடுத்துக் குளிர்ந்ததும் ஊசி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சோடியம் பாஸ்பேட் உப்புகளையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் வைத்துத் தாங்கலைச் செய்தால் தீர்ந்தது. குளிர் காலத்தில் சோடியம் உப்பும் 16 டிகிரிக்குக் கீழே படிகமாகும். அது வேறு, அறையைச் சூடாக்கினால் போதும். அமில ஊடகத்தில் இதே சர்ஃபாக்டன்ட் மெல்ல மெல்ல நீராற்பகுந்து டோடெக்கனாலாக மாறும். அந்த ஊடகத்தை முந்தைய வாரம் செய்து வைக்காதீர்கள்.

அறிகுறி: பதப்படுத்தி சேர்த்ததும் மங்கல்

பலமுறை எடுக்கும் குப்பியில் மெட்டா கிரெசால் அல்லது ஃபீனால் என்ற கிருமி தடுக்கும் பதப்படுத்தியைச் சேர்த்தவுடன் பாலிசார்பேட் கரைசல் மங்கினால், எதுவும் உடையவில்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். வெளிப்படையாக மங்காவிட்டாலும் மைசெல் பதப்படுத்தியை உள்ளே இழுத்துக்கொள்வதால் கிருமியைக் கொல்லும் வலிமை குறைந்திருக்கும். பாரபென்களிலும் இதே கதை. செறிவை அளந்தால் சரியாக இருக்கும், கிருமிச் சோதனையில் தோற்கும்.

பாலிசார்பேட்டையே மாற்றிவிடலாமா

எல்லாக் கூட்டத்தின் முடிவிலும் இந்தக் கேள்வி வரும். போலாக்சமர் 188 என்ற வேறொரு சர்ஃபாக்டன்டில் எஸ்டர் பிணைப்பே இல்லை. லைப்பேஸ் கடிக்க அங்கே எதுவும் இல்லை. எமிசிசுமாப் போன்ற சந்தை மருந்துகளில் அது இருக்கிறது. பதப்படுத்திகளோடும் பாலிசார்பேட்டைவிட நன்றாக ஒத்துப்போகும். நொதியை நீக்கவே முடியாத நிலையில் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் சங்கிலியும் எத்திலீன் ஆக்சைடுதான், ஆக்சிஜனேற்றத்திலிருந்து விடுதலை கிடையாது. சிலிகான் எண்ணெய் பூசிய சிரிஞ்சில் அதை நிரப்புவதாக இருந்தால் துகள் எண்ணிக்கையை முதலிலிருந்து அளக்க வேண்டும்; குலுக்கல் சோதனை, உறைதல் சோதனை, வடிகட்டி ஒட்டல் எல்லாம் புதிதாக. மாற்றுவதற்கு முன் ஆர்லிஸ்டாட் சோதனையைச் செய்துவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு குப்பி மருந்தும் சில வாரக் காத்திருப்பும்.